ஞாயிறு பிரித்த வண்டி திங்கள் காலை ஓட வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 31. வீடு போத்தனூர், வேலை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். தினமும் போக வர 40 கிலோமீட்டர், இப்போது ஸ்கூட்டரில் போகிறேன். ஒரு பழைய கார் வாங்கி அதிலேயே ஆபீஸ் போக வேண்டும், வார விடுமுறையில் அதை நானே பிரித்து, கழுவி, மாட்டிக் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பது ஆசை. ஸ்கூட்டரை விற்றால் வருவதையும் சேர்த்துக் கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மூன்று வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளூரில் 1994 பிரீமியர் பத்மினி, 1.8 லட்சம் சொல்கிறார்கள். பொள்ளாச்சியில் 2006 மாருதி எஸ்டீம், 1.1 லட்சம். சென்னைப் பதிவில் 2004 ஃபோர்டு ஐகான் 1.6, 90 ஆயிரம். அப்பா 2002 வரை பத்மினிதான் ஓட்டினார், என் படிப்புச் செலவுக்காக விற்றார். அதனால் மனசு அந்தப் பக்கமே போகிறது. எஸ்டீம் வாங்கினால் பழைய பலேனோ செடானின் 1.6 இன்ஜினை அதில் ஏற்றலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முதலில் ஸ்கூட்டரை விற்காதீர்கள். வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய கார் ஒன்றை வேலைக்கும் கைவேலைக்கும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தவர்களை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் வீட்டிலும் இன்னொரு சக்கரம் இருந்தது. புதன்கிழமை வர வேண்டிய ஒரு ரப்பர் சீல் வெள்ளிக்கிழமை வரும். அந்த இரண்டு நாள் ஆபீஸ் போக வழி இல்லையென்றால் அவசரத்தில் பழைய சீலையே மறுபடி மாட்டுவீர்கள். அந்த அவசரம்தான் பழைய வண்டியைக் கெடுக்கிறது. ஸ்கூட்டர் போனால் கைக்கு வருவது நாற்பதாயிரமோ என்னவோ, அதை வைத்துக்கொள்வதில் கிடைக்கும் நிம்மதி அதைவிடப் பெரிது. ஆக உங்கள் பட்ஜெட் 2.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, வாங்க வேண்டியது எஸ்டீம். அதையும் நான் சொல்கிற சில விஷயங்கள் சரியாக இருந்தால் மட்டும்.

பத்மினி ஏன் வேண்டாம் என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. 1996-ல் நானும் ஒரு பழைய பத்மினியைத்தான் வாங்கினேன். அப்போது வேறொருவர் பட்டறையில் சம்பளத்துக்கு இருந்தேன், தினமும் அதில்தான் வேலைக்குப் போவேன். வண்டி சூடேறியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் பாதியைக் கழற்றினேன். ஹெட் வளைந்திருந்தது. லேத்துக்காரர் புதன்கிழமை தருகிறேன் என்றார். சரி, திறந்ததுதான் திறந்தோம், பிஸ்டன் ரிங்கையும் மாற்றிவிடலாம் என்று அடியிலும் கை வைத்தேன். ரிங் பார்க்கப் போனால் போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உட்சுவர், தேய்ந்திருந்தது. அதைக் கடைந்து ரீபோர் செய்த இடத்தில் அளவு தப்பியது. கையில் இருந்த காசு தீர்ந்தது. ஏழு மாதம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே தேங்கித் தரைத் தகடு துருவேறிப் போனது. கடைசியில் எடைக்குத்தான் போட்டேன். அந்த வண்டிக்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்க வேண்டியதில்லை. நான் ஹெட்டோடு நிறுத்தியிருந்தால் அடுத்த வாரமே ஓடியிருக்கும்.

அதிலிருந்துதான் எனக்கு இந்தக் கணக்கு வந்தது: ஞாயிற்றுக்கிழமை பிரித்தது திங்கட்கிழமை காலை ஓட வேண்டும். அப்படித் துண்டு துண்டாக வேலை பார்க்க இடம் கொடுக்கிற வண்டிதான் உங்களுக்கு ஏற்றது. ஒரு வேலையைத் தொட்டால் ஒன்பது வேலையை இழுத்துவிடுகிற வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபீஸுக்கு ஆகாது.

பத்மினி அந்த இரண்டாவது வகை. 1089 சி.சி. இன்ஜின், கார்புரேட்டர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதன் பிறப்பு 1960-களின் ஃபியட் 1100. ஞாயிற்றுக்கிழமை காலை பேரூர் வரை போய்வர அதைப்போல வண்டி கிடையாது. ஆனால் உங்கள் வழியைப் பாருங்கள். ஆத்துப்பாலத்திலிருந்து உக்கடம் வரை மேம்பாலம் வந்துவிட்டது, அது வரைக்கும் சரி. காந்திபுரம், கணபதி, அப்புறம் சத்தி ரோடு, அங்கெல்லாம் காலை ஒன்பது மணிக்கு முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போக வேண்டும். முன்னால் போகிறவர் வைத்திருப்பது டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்.ஸும். அவர் நிற்கிற தூரத்தில் உங்களால் நிற்க முடியாது.

பாகங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அத்தனை டாக்சிகள் ஓடிய வரைக்கும் அதை நம்பிப் பாகம் செய்தவர்களும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இனிமேல் பத்மினிக்குப் பாகம் தேடுவது என்பதே தனிப் பொழுதுபோக்கு. தேடுகிறவர்கள் சந்தோஷமாகத் தேடுகிறார்கள், அவர்களுக்குத் திங்கட்கிழமை காலை அதில் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்மினியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் அந்தக் கலவையை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்க்குக்குள் துரு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எஸ்டீமுக்கும் இந்தப் பிரச்சினை கொஞ்சம் உண்டு. அதில் இன்ஜெக்ஷன் இருப்பதால் கார்புரேட்டர் தொல்லை இல்லை, பழைய ஹோஸ்களை மாற்றினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கடையில் எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். வண்டிக்குள் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே பாருங்கள், ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஐகானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்ட மிக நல்ல வண்டி, அந்த 1.6 ரோகேம் இன்ஜின் மிதித்தால் பாயும், ஸ்டீயரிங்கும் கைக்கு அடங்கும். ஆனால் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஐகான் அதற்கும் பல வருஷம் முன்பே நின்றுபோன மாடல். சின்னச் சின்னப் பிளாஸ்டிக், சென்சார், கதவு ரப்பர் இவற்றுக்கெல்லாம் அலைய வேண்டும். அதுவும் சென்னைப் பதிவு என்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்று யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அப்படியும் பார்க்கத்தான் போவேன் என்றால், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எஸ்டீமுக்கு வருவோம். 1298 சி.சி., 85 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. லேசான வண்டி என்பதால் இன்றைக்கும் சுறுசுறுப்பாக ஓடும். இதே இன்ஜின் குடும்பம்தான் ஜிப்ஸி கிங்கிலும் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்தது. ஜிப்ஸி 2018 வரை வந்தது. அதனால் இன்ஜினுக்கான பாகங்கள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன, இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் பார்சலில் வரும். பழைய பாடி பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். புது வண்டிகளில் பிளக்கை மாற்றவே நாலு மூடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த இடம்தான் முக்கியம்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. அதில் ஏர்பேக் கிடையாது, தகடும் மெல்லியது. சீட் பெல்ட் நான்கும் நன்றாகப் பூட்டுகிறதா, டயர் புதிதா, பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறதா என்பதில் பணத்தைப் பார்க்காதீர்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் எல்லாம்.

வாங்கும்போது எல்லோரும் இன்ஜின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் தகட்டைத் தட்டுவேன். தேய்ந்த இன்ஜினைத் தவணையில் சரிசெய்யலாம், இந்த மாதம் பெல்ட், அடுத்த மாதம் வாட்டர் பம்ப் என்று போகும். எதுவுமே முடியவில்லை என்றால் முழுசாக இறக்கிப் பார்த்தாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. துருப்பிடித்த பாடிக்குக் கணக்கே கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை வெட்டினால் தரை வரும், தரையை வெட்டினால் தூண் வரும். டிங்கரிங், பெயிண்டிங் என்று விட்டால் வண்டி விலையைத் தாண்டும், மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும், உங்கள் ஆபீஸ் பயணமும் நிற்கும். உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கத்து வண்டிகளுக்குக் கடற்காற்று படவில்லை. அதே வருஷத்துச் சென்னை வண்டியோ தூத்துக்குடி வண்டியோ அடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கர வளைவின் ஓரம், கதவின் அடிப்பகுதி, ரன்னிங் போர்டு, இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். முன் மிதியடியைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல் முனை வந்து உட்காரும் தகடு இருக்கிறதே, அங்கே விரிசலோ புது வெல்டிங்கோ இருந்தால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

தகடு சரியாக இருந்தால் அப்புறம் இன்ஜின். ரேடியேட்டர் மூடியை வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே வெறும் துருத் தண்ணீர் இருந்தால் பல வருஷமாகக் கூலன்ட் ஊற்றவில்லை என்று அர்த்தம், விலையில் குறைக்கச் சொல்லலாம். ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது, கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் பயப்பட வேண்டும். பக்கத்தில் உள்ள ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுவதுதான் முக்கியம். எல்லாமே கொஞ்சம் குறைவாக இருந்தால் வயதான இன்ஜின், இன்னும் சில வருஷம் ஓட்டலாம். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்துப் பத்து நிமிஷம் ஏ.சி. போட்டு ஓட விடுங்கள், ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா பாருங்கள். காந்திபுரம் சிக்னலில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஃபேன்தான்.

காகிதம். 2006 வண்டி என்றால் 2021-லேயே பதினைந்து வருஷம் முடிந்து, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். அந்த ஐந்தும் 2026-ல் முடிகிறது. அடுத்த புதுப்பித்தல் உங்கள் தலையில்தான் விழும். இருபது வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரமாக உயர்த்தினார்கள், பசுமை வரி தனி. விலை பேசும்போது இதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், அல்லது விற்கிறவரையே எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருப்பதாகப் போட்ட பதிவு, இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் எப்போதோ முடிந்திருக்கும், பதிவில் மட்டும் அப்படியே நிற்கும். கடன் கொடுத்த நிறுவனம் இன்றைக்கு அந்தப் பெயரிலேயே இல்லாமல்கூடப் போயிருக்கலாம். தடையில்லாச் சான்று வாங்க அலைய வேண்டியது விற்கிறவர்தான், நீங்கள் அல்ல. வெறும் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும்.

பலேனோ இன்ஜின் விஷயம். செய்ய முடியும், ஓட்டியும் பார்த்திருக்கிறேன், நன்றாகவே போகும். ஆனால் இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் கறாராகச் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொன்று என்று தினமும் சத்தி ரோட்டில் போய்வருவது, ஒரு விபத்து நடந்தால் உங்களையும் எதிரில் வந்தவர் குடும்பத்தையும் தெருவில் நிறுத்திவிடும். நண்பர்கள் சொன்னால் சொல்லட்டும், இதை விட்டுவிடுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். வண்டிக்குத் தொண்ணூறாயிரம், முடிந்தால் அதற்கும் கீழே. முதல் மாத வேலைக்கு நாற்பது, ஐம்பதாயிரம். டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸ்களும், பிரேக், எல்லா ஆயிலும். டைமிங் பெல்ட் போன மாதம்தான் மாற்றினோம் என்று யார் சொன்னாலும் பில் இல்லாமல் நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் வரிகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மிச்சப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள், கிளட்ச்சோ ஏ.சி.யோ ஒரு நாள் கேட்கும். பெட்ரோல் செலவு தனி. மாதம் 22 நாள் போனால் 880 கிலோமீட்டர். இந்த நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிடைத்தாலும் எழுபது லிட்டருக்கு மேல் ஆகும்.

அந்த முதல் மாத வேலையை ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், அவர் விட்டால் ஸ்பேனர் பிடியுங்கள். அதன் பிறகு உங்கள் ஞாயிறுகள் ஆரம்பம். ஞாயிறு என்கிறேனே தவிர, பிரிக்க வேண்டியது சனிக்கிழமை காலையில். ஏதாவது உடைந்தால் அன்றைக்குச் சாயங்காலம் வரை கடை இருக்கும். ஞாயிறு பெரும்பாலான ஸ்பேர் கடைக்கு லீவு. பாகம் கையில் வந்த பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

எதில் ஆரம்பிக்கலாம் என்றால், நான் ஹெட்லைட்டைச் சொல்வேன். இந்த வயது மாருதிகளில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். பல்பு கெட்டதாக நினைத்துப் பல்பையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். லைட்டுக்கான மின்சாரம் முழுக்க ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகப் போய்த் திரும்புவதால் வழியிலேயே வோல்டேஜ் குறைகிறது. ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேராகத் தடித்த ஒயர் கொடுத்தால் அதே பல்பு பளிச்சென்று எரியும். ஒரு நாள் வேலை. ஒயரிங் படத்தைப் படிக்கவும் மீட்டர் பிடிக்கவும் அதிலேயே கற்றுக்கொள்வீர்கள். அப்புறம் எர்த் பாயிண்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, பிரேக் காலிபர் பின்களுக்குக் கிரீஸ், கதவு ரப்பர், கார்பெட்டை எடுத்துத் தரைக்குத் துருத் தடுப்பு, சஸ்பென்ஷன் புஷ். ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. ஹெட், கியர்பாக்ஸ் இரண்டையும் ஒரு வாரம் லீவு கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் ஸ்கூட்டர் இருக்கிறது.

ஜாக்கி மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாளும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். என் கண்ணெதிரே ஜாக்கி நழுவி வண்டி இறங்கியிருக்கிறது. பையன் ஸ்பேனர் எடுக்க அந்த நிமிஷம்தான் வெளியே வந்திருந்தான். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், ஸ்பேனர் செட்டுக்கும் முன்னால்.

பத்மினி ஆசையை விடச் சொல்லவில்லை. எஸ்டீமில் இரண்டு வருஷம் கை பழகட்டும். பிறகு அதை இரண்டாவது வண்டியாக, எந்தத் திங்கட்கிழமைக்கும் கடன்படாத வண்டியாக வாங்குங்கள். அப்போது எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

பொள்ளாச்சிக்குப் போகும்போது முந்தின நாளே அவருக்குப் போன் செய்து, நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போய், முதலில் பானெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒன்று காலை ஸ்டார்ட்டிங்கில் இருக்கிறது. அப்பாவையும் கூட்டிப் போங்கள். அத்தனை வருஷம் பத்மினி ஓட்டியவருக்கு எந்தச் சத்தம் வால்வைத் தள்ளும் டேப்பட், எந்தச் சத்தம் பேரிங் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சாவி போடட்டும், நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள்.